குடி மாத்தின மிஸ்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அக்கரைப்பற்றில் ஒரு நெல் வியாபாரியின் கடையில், மூட்டைகளுக்கு நடுவே கணினி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய அண்ணன் அருள். "றியாஸ், தங்கச்சி போயிட்டா" என்றார். இன்றைக்கு லீவு என்றுதானே சொன்னார் என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைக்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது. காலையில் நெஞ்சு நோகிறது என்று சொல்லிப் பெரியநீலாவணை வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறியவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிரோடு இல்லை.

நெல் வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையைத் தட்டி அதில் உட்காரச் சொன்னார். மௌத்தானது யார் என்று கேட்டார். என்னோடு வேலை செய்த மிஸ் என்றேன். "ஆரு, அந்தக் குடி மாத்தின மிஸ்ஸா?" என்றார். அந்தப் பெயர் அக்கரைப்பற்று வரை போயிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அவரை அறிந்தவர்களும் அந்தப் பெயரை மட்டும் அறிந்தவர்களும் ஒருமுறை முழுக் கதையையும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்முனையில் ஒரு பிடவைக் கடைக்கு மேலே, கணினி நிரல் எழுதிக் கொடுக்கிற எங்கள் அலுவலகம். முதலாளி என்று யாரும் இல்லை, நானும் அவரும்தான். அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தமிழர், நான் முஸ்லிம். சேர்ந்து தொழில் செய்யலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "கிறிஸ்மசுக்கு நீங்க இருப்பீங்க, பெருநாளுக்கு நான் இருப்பன். கடை பூட்டத் தேவல்ல." நோன்பு மாதத்தில் அவர் படிக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுதான் பிளேன்டீ குடிப்பார். அதெல்லாம் வேண்டாம், மேசையிலேயே குடியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அது எனக்காக இல்லையாம். அவருடைய கோப்பையை நான் பார்க்கிற பார்வை அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

கடற்தொழில் செய்கிற வீட்டிலிருந்து வந்தவர். வேலையில் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான் ஒரு பக்கத்தை யோசித்து முடிக்கும் முன் அவர் எழுதி, ஓடவிட்டு, எனக்குத் திருப்பிக் காட்டிவிடுவார். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றால், "தெரிஞ்சத ஏன் கேப்பான்?" என்பார். அந்த நாட்களில் அதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேகத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடும்பப் பதிவு ஒன்று தேவைப்பட்டது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். இந்தக் கரையில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி என்கிற அந்த வம்சம் தாய்வழியாக வரும். ஒவ்வொரு குடியும் தன் ஆட்களுக்குள் ஒரு மரைக்காரை, தன் பிரதிநிதியாக, தெரிவுசெய்து நிருவாகத்துக்கு அனுப்பும். அந்தத் தெரிவு நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தக் குடியில் யார் யார் என்று வாய்க்கணக்காக இருந்ததைக் கணினியில் ஏற்றிப் பட்டியலாகத் தரும்படி கேட்டார்கள். நிருவாகத் தலைவர் என் வாப்பா. குடிகளின் உண்மைப் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். வாப்பா பிறந்ததைப் பெரிய குடி என்றும், உம்மாவும் நானும் பிறந்ததைச் சின்னக் குடி என்றும் வைத்துக்கொள்வோம்.

இனிக் கொஞ்சம் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். பைதனில் எழுதும் ஜாங்கோ என்ற சட்டகத்தில்தான் நாங்கள் வேலை செய்தோம். ஒரு குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தால் ஆளுக்கு ஒரு வரி வரும். ஒவ்வொரு வரியும் ஒரு சின்னப் படிவம். ஒரே மாதிரியான அந்தப் படிவங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி, ஃபோம்செற் என்போம். படிவத்துக்குத் தானாகத் தெரியாத ஒன்றை, உதாரணமாகக் குடியை, நாம் வெளியிலிருந்து கொடுத்தனுப்ப வேண்டும். சட்டகத்தின் மூலப் படிவத்துக்கு இந்த மேலதிகப் பொருளைத் தெரியாது, கண்டால் வாசலிலேயே மறித்துவிடும். ஆகவே உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தனுப்ப இரண்டு வழிகள் உண்டு. தொகுதிக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் எல்லா வரிகளுக்கும் அது ஒரேமாதிரிப் போய்ச் சேரும். அல்லது வரியின் இலக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வேறாகக் கொடுக்கலாம். இரண்டாவதில் வேலை கூட.

எஸ்தர் அக்கா முதல் வழியை எடுத்தார். வீட்டின் குடி எதுவோ அதைத் தொகுதியின் வாசலில் ஒருமுறை கொடுத்தார். வீட்டில் இருந்த அத்தனை பேரின் வரியிலும் அது ஏறிப் பூட்டிக்கொண்டது.

வெளியூர்க்காரர் ஒருவர் இதை எழுதியிருந்தால் பிள்ளைகளைத் தகப்பன் குடியில் போட்டிருப்பார். அந்தப் பிழை முதல் பார்வையிலேயே பிடிபட்டிருக்கும். எஸ்தர் அக்கா இந்த மண்ணில் பிறந்தவர். இங்கே வீடு பெண்ணுடையது, பிள்ளைகள் தாயின் குடி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய சபையில் குடிக்கு இப்போது வேலை இல்லாததால் மற்றப் பாதி அவர் நினைவில் இல்லை. கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போகிற ஆண், தன் தாயின் குடியைக் கூடவே கொண்டுபோகிறான். சாகும்வரை அது மாறாது. பாதி தெரிந்தவர் செய்யக்கூடிய பிழை அது. என் வரியை நானும் பார்த்தேன். கலியாணம் முடிக்காதவன் என்பதால் அது சரியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பட்டியல் பள்ளிவாசல் சுவரில் ஒட்டப்பட்டது. கீழே வாப்பாவின் கையெழுத்து. ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் தங்கள் பெயரைத் தேடினார்கள். ஊரில் கலியாணம் முடித்த ஆண்கள் எல்லாம் மனைவிமாரின் குடிக்குப் போயிருந்தார்கள். சின்னக் குடி ஆண்களில் பெரும்பாலானோர் பெரிய குடி வீடுகளில் கலியாணம் முடித்தவர்கள். ஆகவே சின்னக் குடி மெலிந்து போயிருந்தது. அந்தக் குடியின் மரைக்காராக வரவிருந்த தோணிக்கார ஹனீபா காக்காவின் பெயரே பெரிய குடிப் பட்டியலில் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சுவருக்கு முன்னால் நின்று, "என்னப் பெத்த உம்மாட குடிய மாத்த ஆருக்கு ஏலும்?" என்று மட்டும் கேட்டார். அவர் சத்தம் போட்டிருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்தக் கேள்விதான் சனத்தைக் கிளப்பியது.

பட்டியலைக் கிழித்தார்கள். தலைவர் தன் குடியைப் பெருப்பித்துக்கொண்டார், மகனைக் கொண்டே கணினியில் கள்ளம் செய்துவிட்டார் என்று கதை பரவியது. பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் என் உம்மாவின் சொந்தச் சகோதரர்கள், என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மாமாமார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பக்கம் போய்விடும் அவருக்கு. சந்தியில் இரண்டு குடி இளைஞர்களும் தள்ளுமுள்ளுப்பட்டு, பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு மதரசா மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். வாப்பா விலக வேண்டும் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் நோக்கம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, கள்ளன் என்ற பேரோடு இறங்குவதா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. என்னிடம் கேட்கவில்லை, சுவரிடம் கேட்டார்.

சனிக்கிழமை அலுவலகத்தின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு இருந்தோம். பிழை எங்கே என்று எஸ்தர் அக்கா காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் வாப்பாவின் யோசனையைச் சொன்னேன். கணினியில் ஒரு கோளாறு என்று அறிவித்துவிடலாம், சனம் மெல்ல அடங்கிவிடும் என்பது அவர் எண்ணம். உண்மையில் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. எனக்கு வேறொரு பயமும் இருந்தது. பள்ளிவாசல் பட்டியலைப் பிழையாக எழுதியது ஒரு தமிழ்ப் பெண் என்று தெரிந்தால், இரண்டு குடிச் சண்டை தமிழர், முஸ்லிம் சண்டையாகத் திரும்பாது என்று சொல்ல முடியாது. இந்த ஊர்களில் அது எப்படித் திரும்பும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் சொன்னார்:

"கோளாறு என்டா ஆர்ர பிழையும் இல்ல என்டு கருத்து. ஆர்ர பிழையும் இல்லாட்டி சனம் வாப்பாவத்தான் பாக்கும். நான் வாறன்."

வர வேண்டாம் என்று கத்தினேன். கத்தினால் நிரல் திருந்தாது என்றார். பிறகு இரண்டாவது வழியில் எல்லாவற்றையும் மாற்றி எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் அதன் இலக்கத்தைப் பார்த்து, அந்த ஆளின் தாயின் குடி தனியாகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் தலையை நிமிர்த்தாமலே, "வாப்பாட உம்மா எந்தக் குடி?" என்று கேட்டார். பெரிய குடி என்றேன். அவர் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. என்ன என்று கேட்டேன், அவர் பழைய பட்டியலைத் திறந்து எதையோ தேடினார்.

ஞாயிறு மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. முன்வரிசையில் வாப்பா, அவருக்கு எதிரே ஹனீபா காக்கா, பின்னால் இரண்டு குடி ஆண்களும். எஸ்தர் அக்கா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மடிக்கணினியோடு என்னுடன் வந்தார். யாரும் வழிவிடவில்லை; நாங்களே விலக்கிக்கொண்டு போனோம். காலையில் சேர்ச்சில் என்ன மன்றாடினீர்கள் என்று வேறொரு நாள் கேட்டேன். மின்சாரம் போகக் கூடாது என்றுதானாம்.

அவர் எழுந்து நின்றார். சலசலப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. "இந்தப் பிழைய செஞ்ச நான். தலைவரும் இல்ல, றியாசும் இல்ல. வீட்டுக்கு ஒரு குடி என்டு நான் எழுதிட்டன். ஆளுக்கு ஒரு குடி என்டு எழுதியிருக்கணும்" என்றார். பின்னாலிருந்து நான் பயந்த குரல் வந்தது. எங்கட குடி விசயம் இவக்கு என்ன தெரியும், தமிழ் ஆள வெச்சு ஆர் எழுதச் சொன்ன என்று ஒருவர் எழுந்தார். அவரோடு இன்னும் சிலர் எழுந்தார்கள். எஸ்தர் அக்கா அவரைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "எனக்குப் பாதிதான் தெரியும் நானா. அதுதான் பிழை" என்றார். எழுந்தவர் மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவர் நாங்கள் கொண்டுவந்த புரொஜெக்டரால் பழைய பட்டியலைச் சுவரில் விழுத்திக் காட்டினார். சின்னக் குடிப் பட்டியலின் நடுவே ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தினார். அது என் வாப்பாவின் பெயர். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் பலர் உண்டு. அடையாள அட்டை இலக்கத்தை வாசித்தபிறகுதான் சனத்துக்கு விளங்கியது. பெரிய குடியில் பிறந்த தலைவரையும் அந்தப் பிழை மனைவியின் குடிக்குத் தள்ளியிருந்தது. கள்ளம் செய்தவர் தன் பெயரையே எதிர்ப் பட்டியலில் போடுவாரா? மாமாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பா சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். அவர் கள்ளன் இல்லை என்பதும், தன் பெயரைக்கூட வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர் என்பதும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. புதியது சரியாக ஓடுகிறது என்று காட்டினால்தான் நம்புவோம் என்றார்கள். எஸ்தர் அக்கா ஹனீபா காக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு அவர் குடும்பத்தைத் திறந்தார். காக்காவின் வரியில் அவருடைய உம்மாவின் குடி, மனைவி பிள்ளைகளின் வரிகளில் பெரிய குடி. காக்கா ஒவ்வொன்றாக வாசித்துத் தலையாட்டினார். பிறகு, "மகளுக்குக் கலியாணம் முடிஞ்சி புது மருமகன் வந்திரிக்கார். அவரயும் போடுங்க பாப்பம்" என்றார். எஸ்தர் அக்கா 'புதிய ஆளைச் சேர்' என்ற இடத்தை அழுத்தினார். சுவர் முழுக்க மஞ்சள் தலைப்போடு பிழைப் பக்கம் ஒன்று விரிந்தது.

பின்னால் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜீப் இன்னும் சந்தியில் நிற்கிறதா என்று யன்னல் பக்கம் பார்த்தேன். எஸ்தர் அக்கா பிழைப் பக்கத்தை அமைதியாக வாசித்தார். புதிதாகச் சேர்ப்பதற்காக வரும் வெற்று வரிக்கு இலக்கம் கிடையாது. அவர் எழுதியதோ எல்லா வரியிடமும் இலக்கம் கேட்டது. சுவரிலிருந்து அதை மறைக்காமல், எல்லோரும் பார்க்கவே திருத்தத் தொடங்கினார். தட்டிக்கொண்டே காக்காவிடம் சொன்னார்: "உங்கட மருமகன் வாசலுக்கு வர முந்தியே அவருக்குக் குடி தேடியிருக்கன் காக்கா. அதான் உடைஞ்சிட்டு. இப்ப அந்த இடத்த வெறுமையா விடுறன். வந்தாப் பிறகு அவரையே கேட்டு எழுதுவம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். பக்கம் மீண்டும் திறந்தது. குடி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மருமகன் பின்வரிசையில் இருந்து எழுந்து வெட்கத்தோடு தன் உம்மாவின் குடியைச் சொன்னார். எஸ்தர் அக்கா எழுதினார். ஹனீபா காக்கா சபையைத் திரும்பிப் பார்த்து, "சரிதானே, இனி வீட்ட போங்க" என்றார். வாப்பா விலக வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குடி மாத்தின மிஸ். சந்தையில், பஸ்ஸில், சேர்ச் வாசலில்கூட. எனக்குத்தான் கோபம் ஏறும், அவர் திரும்பிப் பார்த்து ஓம் என்பார். அதற்குப் பிறகு "தெரிஞ்சத ஏன் கேப்பான்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எதை எழுதிக் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி வேறாகிவிட்டது: "ஆரக் கேட்டு எழுதின?" அவருடைய வேகம் பாதியாகக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன்.

வாப்பா அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பெருநாளுக்கு உம்மா அனுப்பும் வட்டிலப்பத்தை நான்தான் கொண்டுபோவேன். வாப்பா நலமா என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். எஸ்தர் நலமா என்று வாப்பா ஒருமுறையும் கேட்டதில்லை. இது எனக்கு எங்கள் வீட்டில் இருந்த பெரிய மனக்கசப்பு. எஸ்தர் அக்காவின் மரணச் செய்தியை அக்கரைப்பற்றிலிருந்து வந்து சொன்னபோதும் வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், அவர் தொப்பி போட்டு, கைத்தடியோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பெரியநீலாவணையில் பந்தலுக்குக் கீழே பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஹனீபா காக்கா, எங்களுக்கு முன்பே வந்து, மீனவர்களோடு ஒரு நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தார். அருள் அண்ணன் எழுந்து வந்து வாப்பாவுக்குக் கதிரை போட்டார். வாப்பா உட்காரவில்லை. பெட்டியின் பக்கமாகத் தடியை ஊன்றி நின்றபடி, சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"தம்பி, அந்த லிஸ்டில இருந்த கையெழுத்து என்ட. வாசிக்காம வெச்ச கையெழுத்து. உங்கட தங்கச்சி எழும்பின நேரம் நானும் எழும்பியிருக்கணும். இருந்திட்டன்."

அருள் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கதிரையைத் திரும்பவும் காட்டினார். பெட்டியை எடுக்கும்வரை வாப்பா நின்றுகொண்டேதான் இருந்தார். என் வாப்பாவை அவ்வளவு நேசித்த நாள் எனக்கு வேறு இல்லை. அதைப் பார்க்க எஸ்தர் அக்கா இல்லையே என்று, எல்லோருக்கும் நடுவே வாய்விட்டு அழுதேன்.

அலுவலகத்தில் நாங்கள் அந்த வெற்று வரியை மருமகன் வரி என்றுதான் சொல்வோம். அவர் வைத்த பெயர் அது. பள்ளிவாசல் பதிவு இன்றும் அவர் எழுதியபடியே ஓடுகிறது. நேற்று ஒரு குடும்பத்துக்குப் புதிய ஆளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பக்கத்தைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக வந்து நின்றது. அந்த ஆளை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும், அவருடைய உம்மாவையும் தெரியும். இருந்தும் தொலைபேசியை எடுத்து, அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.